வெனிஸ்: போகும் முன் எழும் கேள்விகளும் மழுப்பாத பதில்களும்

கட்டணங்கள் 2025 நிலவரப்படி. நாள்களும் தொகைகளும் ஆண்டுதோறும் மாறும். டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெனிஸ் நிஜமாகவே அழகா, படத்தில் மட்டும்தானா?

அழகுதான். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துப் போக வேண்டிய அழகு. தீவுகள் மேல் கட்டிய பழைய நகரத்தில் நிரந்தரமாக வாழ்பவர்கள் இன்று 50,000 பேருக்கும் குறைவு. கோடை நாளில் பகல் நேரத்துக்கு மட்டும் வந்து போகிறவர்கள் அந்த எண்ணிக்கையை எளிதாக எட்டிவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரயில் நிலையம், ரியால்டோ பாலம், சான் மார்கோ சதுக்கம் என்ற ஒரே பாதையில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை நெருக்கியடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அதே சதுக்கம் காலை ஆறரைக்குப் புறாக்களுக்கும் குப்பை அள்ளுகிறவர்களுக்கும்தான் சொந்தம். "வெனிஸ் ஏமாற்றிவிட்டது" என்பவர்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாகப் பதினொன்றுக்கு வந்து நான்குக்குக் கிளம்பியிருப்பார்கள்.

எத்தனை நாள் போதும்?

இரண்டு இரவு. பகல் எத்தனை என்பது முக்கியமல்ல, இரவு தங்குவதுதான் முக்கியம். முரானோ, புரானோ போன்ற பக்கத்துத் தீவுகளையும் பார்க்க வேண்டுமென்றால் மூன்று.

தங்குமிடம் மெஸ்ட்ரேயில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, எடுக்கலாமா?

மெஸ்ட்ரே நிலப்பகுதியில் இருக்கும் சாதாரண நகரம். நிர்வாகக் கணக்கில் அதுவும் வெனிஸ்தான், அதனால் பல விடுதிகளின் பெயரில் "வெனெட்ஸியா" (வெனிஸின் இத்தாலியப் பெயர்) இருக்கும். வரைபடத்தில் இடத்தைப் பார்க்காமல் முன்பதிவு செய்யாதீர்கள். ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், பணம் மிச்சம், லிஃப்ட் இருக்கும், பெட்டியை உருட்டிக்கொண்டே போகலாம். இழப்பது மேலே சொன்ன அந்த அதிகாலையையும் பின்னிரவையும். ஒரே ஒரு இரவுதான் என்றால் கூடுதல் பணம் கொடுத்துத் தீவிலேயே தங்குவது நல்லது. காஸ்டெல்லோவின் கிழக்குப் பகுதி, கன்னாரெஜியோவின் வடக்கு ஓரம், ஜுடெக்கா தீவு ஆகியவை சான் மார்கோவைவிட மலிவு, அமைதியும் கூட.

அறை வாடகை போக, நகர வரி தனி. விடுதியின் தரத்தையும் பருவத்தையும் பொறுத்து ஆளுக்கு ஓர் இரவுக்கு 1 முதல் 5 யூரோ வரை வரும். பெரும்பாலும் விடுதியிலேயே நேரில் கேட்பார்கள். ஏமாற்று வேலை என்று சண்டை போட வேண்டாம்.

நுழைவுக் கட்டணம் என்கிறார்களே, ஊருக்குள் போகவே காசா?

ஆமாம், சில நாள்களுக்கு மட்டும். 2024 ஏப்ரல் 25 அன்று தொடங்கியது. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூலை வரை, பெரும்பாலும் வார இறுதியை ஒட்டி, 54 நாள்கள். காலை 8.30 முதல் மாலை 4 மணிக்குள் பழைய நகரத்துக்குள் வரும் பகல்நேரப் பயணிகளுக்குத்தான் இது. நான்கு நாளாவது முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, அதற்குப் பிறகு என்றால் 10. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இல்லை.

பலர் தடுக்கி விழுவது விலக்கு விஷயத்தில். நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவர்கள் கட்ட வேண்டியதில்லை, ஏனென்றால் நகர வரி கட்டுகிறார்கள். ஆனால் இணையத்தில் பதிவு செய்து, விலக்குக்கான க்யூஆர் குறியீட்டை எடுத்து வைத்திருக்க வேண்டும். ரயில் நிலைய வாசலில் கேட்டால் விடுதி ரசீதை மட்டும் நீட்டிப் பயனில்லை.

விமான நிலையத்திலிருந்து எப்படிப் போவது?

மார்கோ போலோ விமான நிலையத்திலிருந்து பேருந்தில் பியாட்சாலே ரோமா வந்து சேர இருபது, இருபத்தைந்து நிமிடம், 10 யூரோ. கார், பேருந்து எல்லாம் அந்த இடத்தோடு சரி. அதற்குமேல் சக்கரம் கிடையாது. படகில் போனால் ஒன்றேகால் மணி நேரம் வரை ஆகும், கட்டணமும் அதிகம். ஆனால் விடுதி கன்னாரெஜியோவின் வடக்கிலோ சான் மார்கோ பக்கமோ இருந்தால் படகு உங்களை அருகிலேயே இறக்கிவிடும், பாலம் ஏற வேண்டாம். தனிப் படகு டாக்ஸிக்கு 100 யூரோவுக்கு மேல். ஐந்தாறு பேர் பெட்டிகளோடு பகிர்ந்தால் நியாயம், இருவருக்கு ஆடம்பரம்.

மலிவு விமானங்கள் சில இறங்குவது ட்ரெவீஸோவில். அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

ரயிலில் வருகிறவர்கள் "வெனெட்ஸியா மெஸ்ட்ரே"யில் இறங்கிவிடாதீர்கள். "வெனெட்ஸியா சாண்டா லூசியா"தான் தீவிலுள்ள கடைசி நிலையம். மெஸ்ட்ரேயை விட்டதும் 1846-இல் திறக்கப்பட்ட பாலத்தின் மேல் ரயில் ஊரைச் சூழ்ந்த உப்புநீர் ஏரியைக் கடக்கும். இருபுறமும் தண்ணீர் தெரிந்தால் சரியான ரயிலில்தான் இருக்கிறீர்கள்.

பெட்டி எவ்வளவு பெரிது கொண்டுபோகலாம்?

இரு கையாலும் தூக்கிக்கொண்டு படி ஏற முடிகிற அளவு. இதில் சமரசம் வேண்டாம். ஊரில் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், ஏறக்குறைய எல்லாவற்றிலும் படிகள். கால்வாயில் படகு அடியில் போக வேண்டும் என்பதால் பாலத்தின் நடு உயர்ந்தே இருக்கும். வரைபடத்தில் "400 மீட்டர், 6 நிமிடம்" என்று காட்டும் வழியில் நான்கு பாலம் இருந்தால், 23 கிலோ பெட்டியை எட்டு முறை படியில் இழுக்க வேண்டும். விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது மிக அருகிலுள்ள படகுத்துறை எது, அங்கிருந்து வாசல் வரை எத்தனை பாலம் என்ற இரண்டை மட்டும் எழுதிக் கேளுங்கள். நல்ல விடுதிக்காரர் எண்ணியே வைத்திருப்பார். பெரிய பெட்டியை ரயில் நிலையக் காப்பறையில் வைத்துவிட்டு, இரண்டு நாளுக்கான துணியோடு உள்ளே போவது புத்திசாலித்தனம்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்களுக்கும் இதுவே கணக்கு. நடையைக் குறைத்து, பெரிய கால்வாயில் போகும் 1-ஆம் எண் படகை நம்புங்கள்.

வாப்பொரெட்டோ டிக்கெட் எப்படி? ஏன் இவ்வளவு விலை?

வாப்பொரெட்டோ என்பது ஊரின் படகுப் பேருந்து. 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. 24 மணி நேரத்துக்கு 25, 48-க்கு 35, 72-க்கு 45. உள்ளூர்க்காரர்களுக்கான அட்டையில் கட்டணம் மிகக் குறைவு. அந்த வித்தியாசத்தைச் சுமப்பது பயணிகள்தான். எரிச்சல் வரும், வேறு வழியில்லை. ஒரு நாளில் மூன்று முறை ஏறப்போகிறீர்கள் என்றாலே 24 மணி நேர டிக்கெட் லாபம். ரயில் நிலையத்திலிருந்து சான் மார்கோவுக்கு நடந்தால் நாற்பது நிமிடம், 1-ஆம் எண் படகில் போனாலும் ஏறக்குறைய அதே நேரம். 2-ஆம் எண் குறைந்த துறைகளில் நிற்பதால் சற்று விரைவு.

செய்முறை:

1. ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் டிக்கெட்டைத் துறையிலுள்ள கருவியில் காட்டி ஒலி கேளுங்கள். நாள் டிக்கெட்டாக இருந்தாலும் அப்படித்தான். காட்டாமல் ஏறினால் கையில் டிக்கெட் இருந்தும் அபராதம்.
2. சான் ஸக்கரியா, ரியால்டோ, ஃபொண்டமெந்தே நோவே போன்ற பெரிய நிறுத்தங்களில் பல மிதவைத் துறைகள் இருக்கும். எண் மட்டுமல்ல, திசையும் பாருங்கள். சரியான எண்ணில் தவறான பக்கம் போவது இங்கே அன்றாடக் காட்சி.
3. பெரிய கால்வாயைப் பார்ப்பதற்காகவே 1-ஆம் எண்ணில் ஏறுகிறீர்கள் என்றால் ரயில் நிலையத்தில் ஏறாமல் ஒரு நிறுத்தம் முன்னால், பியாட்சாலே ரோமாவில் ஏறுங்கள். திறந்தவெளி இருக்கை இருந்தால் அங்கேதான் கிடைக்கும். சூரியன் சாயும் நேரமோ, இரவு ஒன்பதுக்குப் பிறகோ சிறந்தது. இரவில் மாளிகைகளின் ஜன்னல் வழியே ஓவியம் தீட்டிய கூரைகள் தெரியும். பகலில் அது கிடைக்காது.

கோண்டோலா போகத்தான் வேண்டுமா?

போகத்தான் வேண்டும் என்றில்லை. நகராட்சி நிர்ணயித்த கட்டணம் பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்குப் பிறகு 35 நிமிடத்துக்கு 110. இது படகுக்கு, ஆளுக்கு அல்ல. அதிகபட்சம் 5 பேர். பாட்டு வேண்டுமென்றால் தனி. ஏறும் முன் நிமிடத்தையும் வழியையும் பேசிக்கொள்ளுங்கள். சான் மார்கோ துறையில் ஏறினால் மோட்டார் படகுகளின் அலையில் ஆடியே பாதி நேரம் போய்விடும். சான் போலோ, டோர்சொடூரோ பகுதிகளின் உள் கால்வாய்களில் ஏறினால் துடுப்பின் சத்தம் மட்டும் கேட்கும்.

படகைக் கவனித்துப் பாருங்கள், அது நேராக இராது. ஏறக்குறைய 11 மீட்டர் நீளம். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 செ.மீ. அகலம். ஒரே ஆள் ஒரே பக்கம் துடுப்பு போட்டால் படகு வட்டமடிக்க வேண்டுமல்லவா? அதைச் சரிக்கட்டத்தான் இந்தக் கோணல்.

காசைக் கொட்ட மனமில்லாதவர்களுக்கு ட்ராகெட்டோ இருக்கிறது. பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்க இரண்டு பேர் துடுப்புப் போடும், அலங்காரமில்லாத கோண்டோலா. பயணிகளுக்கு 2 யூரோ, இரண்டே நிமிடம். ரியால்டோ சந்தைக்கு எதிரே சாண்டா சோஃபியாவில் கிடைக்கும். அநேகமாகப் பகல் நேரத்தில் மட்டும்.

வழி தொலையாமல் இருப்பது எப்படி?

தொலையும். குறுகலான சந்துகளில் கைபேசியின் நீலப்புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடும். வழிகாட்டும் குரல் உங்களை நேராகத் தண்ணீருக்குள் இட்டுச்செல்லும். வீட்டெண்ணும் உதவாது. ஆறு பகுதிகளுக்கும் தனித்தனியே ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்கில் எண் ஓடும், தெருவுக்குத் தெரு அல்ல. "காஸ்டெல்லோ 4200" என்பதை வைத்துக்கொண்டு தபால்காரர்தான் வீட்டைக் கண்டுபிடிக்க முடியும். அருகிலுள்ள தேவாலயத்தின் பெயரையோ சதுக்கத்தின் பெயரையோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர்களில் உயரத்தில் மஞ்சள் பலகைகள் இருக்கும்: "பெர் ரியால்டோ", "பெர் சான் மார்கோ", ரயில் நிலையத்துக்கு "அல்லா ஃபெரோவியா". சொற்களும் கொஞ்சம் தெரிந்தால் நல்லது. காலே என்றால் சந்து, ஃபொண்டமெந்தா கால்வாய்க் கரை நடை, ரியோ சிறு கால்வாய், ரியோ தெரா மண்ணிட்டு மூடிய கால்வாய், சொத்தொபோர்தெகோ வீட்டுக்கு அடியில் நுழையும் வழி. சதுக்கத்துக்குக் காம்போ என்று பெயர், அதாவது வயல். ஒரு காலத்தில் புல் முளைத்துக் கிடந்த இடங்கள். சான் மார்கோ ஒன்றுதான் பியாட்சா.

தண்ணீரில் மூழ்குமாமே, எப்போது?

அக்வா ஆல்டா எனப்படும் பெருக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை அதிகம். நிலவால் எழும் கடலேற்றமும், தென்கிழக்கிலிருந்து வீசும் ஷிரோக்கோ காற்றும் சேர்ந்தால் ஆட்ரியாடிக் கடல் ஏரிக்குள் திணிக்கப்படும். செய்தியில் "140 செ.மீ." என்று வந்ததும் இடுப்பளவுத் தண்ணீர் என்று நினைத்துப் பயணத்தை ரத்து செய்கிறவர்கள் உண்டு. அது தெருவிலுள்ள ஆழம் அல்ல. 1897-இல் நிர்ணயித்த கடல்மட்டக் குறியிலிருந்து எடுக்கும் அளவு. 110 செ.மீ. என்றால் நகரத்தில் சுமார் 12 சதவீதம்தான் நனையும். மிகத் தாழ்வான சான் மார்கோ சதுக்கத்தில் 80-ஐத் தாண்டினாலே வடிகால் துளைகள் வழியாகத் தண்ணீர் கொப்பளித்து வரும்.

இதுவரை பதிவான உச்சம் 1966 நவம்பர் 4 அன்று 194 செ.மீ. அடுத்தது 2019 நவம்பர் 12, 187 செ.மீ. அதற்கு அடுத்த ஆண்டு, 2020 அக்டோபர் 3 அன்று, மோஸே தடுப்பணை முதன்முதலாக உண்மையான பெருக்கை நிறுத்தியது. லீடோ, மலமோக்கோ, கியோஜா ஆகிய மூன்று கடல்வாய்களில் 78 உலோகக் கதவுகள். சாதாரண நாளில் தண்ணீர் நிரம்பிக் கடலடியில் படுத்திருக்கும். காற்றைச் செலுத்தினால் மிதந்து எழும். ஒவ்வொரு பெருக்குக்கும் எழுப்புவதில்லை, பெரும்பாலும் 110-க்கு மேல் எதிர்பார்க்கும்போதுதான். அதனால் சதுக்கத்தில் கணுக்கால் தண்ணீர் இன்றும் நிற்கும். மூன்று நான்கு மணி நேரத்தில் வடிந்துவிடும். பலகை நடைபாதை போடுவார்கள். அதன் மேல் நின்று படம் எடுக்காதீர்கள், பின்னால் வரிசை நிற்கும்.

நாற்றமடிக்குமா?

கோடையில், நீர் இறங்கும் நேரத்தில், உள் கால்வாய்களில் கொஞ்சம் சேற்று வாடை வரும். பேசப்படும் அளவுக்கு இல்லை. கொசு வேறு விஷயம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மருந்து எடுத்துப் போங்கள்.

எதைப் பார்ப்பது, எதை விடுவது?

சான் மார்கோ பேராலயத்தை விடக்கூடாது. உள்ளே ஏறத்தாழ 8,000 சதுர மீட்டர் பரப்பில் தங்கப் பின்னணி மொசைக். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும், முதுகுப்பை அனுமதியில்லை, ஞாயிறு காலை வழிபாட்டுக்கு மட்டும். நேரச்சீட்டை இணையத்தில் எடுங்கள். இல்லையென்றால் வெயிலில் நீண்ட வரிசை. மேல்மாடத்துக்குத் தனிக் காசு, கொடுக்கலாம். 1204-இல் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து அள்ளிவந்த நான்கு வெண்கலக் குதிரைகளின் அசல் அங்கேதான் இருக்கிறது. வெளியே நிற்பவை நகல்கள். 1797-இல் நெப்போலியன் அவற்றைப் பாரிசுக்குக் கொண்டுபோனார், 1815-இல் திரும்பி வந்தன. திருடியவனிடம் திருடியவன் கதை.

டோஜே (வெனிஸ் குடியரசின் ஆட்சித் தலைவர்) அரண்மனை டிக்கெட்டை 30 நாள் முன்னதாக வாங்கினால் சில யூரோ குறைவு. பெருமூச்சுப் பாலத்தை வெளியிலிருந்து படம் எடுக்க முட்டி மோதுகிறவர்கள், அரண்மனைக்குள் போனால் அந்தப் பாலத்தின் உள்ளேயே நடக்கலாம் என்பதைக் கவனிப்பதில்லை.

சான் மார்கோ மணிக்கோபுரம் 98.6 மீட்டர். 1902 ஜூலை 14 அன்று முழுதாகச் சரிந்து, 1912-இல் அதே இடத்தில் அதே வடிவில் திரும்பக் கட்டியது. காட்சிக்காக என்றால் இதைவிட எதிரே உள்ள சான் ஜார்ஜியோ மஜோரே தீவின் கோபுரம் மேல். அங்கேயும் லிஃப்ட், வரிசை சின்னது, சான் மார்கோவும் படத்தில் விழும்.

ஓவியத்துக்கு ஃப்ராரி தேவாலயம் போதும். டிட்ஸியானோ 1518-இல் முடித்த மாதாவின் விண்ணேற்பு இன்று எந்தப் பீடத்துக்காக வரையப்பட்டதோ அங்கேயே இருக்கிறது. இரண்டு நிமிட நடையில் சான் ரொக்கோ; டின்டொரெட்டோ சுவரையும் கூரையையும் நிரப்பிய கூடம். கழுத்து வலிக்காமல் கூரையைப் பார்க்கக் கைக்கண்ணாடி வைத்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

முரானோ, புரானோ?

புரானோவுக்குப் போங்கள். ஃபொண்டமெந்தே நோவேயிலிருந்து 12-ஆம் எண் படகு, முக்கால் மணி நேரம். வண்ண வீடுகள் அங்கேதான். காலை ஒன்பதுக்கு முன் ஏறுங்கள். மாலை நான்கு, ஐந்து மணிக்குத் திரும்பும் படகில் இடமில்லாமல் ஒரு படகை விட வேண்டிவரலாம். பக்கத்திலுள்ள டொர்செல்லோவில் 639-இல் நிறுவப்பட்ட பேராலயம் இருக்கிறது. கூட்டம் அங்கே வராது.

முரானோ விஷயத்தில் எச்சரிக்கை. தீப்பிடிக்கும் பயத்தில் 1291-இல் கண்ணாடி உலைகள் எல்லாம் அங்கே மாற்றப்பட்டன. விடுதி வரவேற்பறையில் "முரானோவுக்கு இலவசப் படகு" என்றால், அது காட்சியறைக்கான இலவசப் படகு. பத்து நிமிடம் ஊதிக் காட்டிவிட்டு ஒரு மணி நேரம் விற்பார்கள். வாங்கும் எண்ணமில்லையென்றால் 4.1 அல்லது 4.2-இல் நீங்களே போங்கள். ஊருக்குள் மூன்று யூரோவுக்குத் தொங்கும் கண்ணாடி மணிகள் முரானோவில் செய்தவை அல்ல. அசலுக்கு "வெத்ரோ ஆர்ட்டிஸ்டிகோ முரானோ" என்ற முத்திரை உண்டு.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு என்ன கிடைக்கும்?

கடல் ஊர், மீன் இல்லாமல் சமைக்கத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிகோலி இன் ஸால்ஸா என்பது வெறும் வெங்காயம் போட்ட பாஸ்தா போலத் தெரியும். அந்தக் குழம்பு நெத்திலி வகை மீன் கரைந்தது. ரிசி எ பிசி பட்டாணிச் சோறுதான், ஆனால் பன்றிக்கொழுப்புத் துண்டு சேர்ப்பார்கள். காளான் ரிசோட்டோ கூட இறைச்சி வடிநீரில் வெந்திருக்கலாம். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்று நொதி உண்டு, கண்டிப்பானவர்கள் கவனிக்க. "சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா பேஷே, சென்ட்ஸா ப்ரோதோ" என்று சொல்லுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், வடிநீர் வேண்டாம். தக்காளி பாஸ்தா, மார்கரிட்டா பீட்சா, வறுத்த கத்தரிக்காய், பொலெந்தா எனும் மக்காச்சோளக் களி ஆகியவை நம்பலாம்.

மீன் சாப்பிடுபவர்களுக்குக் கொண்டாட்டம். பாகரோ எனப்படும் சின்னக் கடைகளில் சிக்கெத்தி என்ற சிறு தின்பண்டங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று யூரோவுக்கு, நின்றபடி. வெங்காயமும் வினிகரும் சேர்த்து ஊறவைத்த மத்தி, அடித்து நுரைத்த கருவாட்டு மீன் இரண்டையும் விடாதீர்கள். ரியால்டோ மீன் சந்தை காலையில் மட்டும். ஞாயிறும் திங்களும் கிடையாது.

பில் ஏன் மெனுவில் பார்த்ததைவிட அதிகம் வருகிறது?

முதல் காரணம் கொபெர்தோ: மேஜைக் கட்டணம், ஆளுக்கு 2 முதல் 4 யூரோ. சட்டப்படியானது, மெனுவின் அடியில் சிறிதாக இருக்கும். இரண்டாவது, பெரிய தொகைக்குக் காரணம்: மீனின் விலைக்குப் பக்கத்தில் "எட்டோ" என்றிருந்தால் அது 100 கிராமுக்கான விலை. 8 யூரோ என்று நினைத்துக் கேட்ட மீன் 900 கிராம் இருந்தால் 72. சமைக்கும் முன் மீனைக் காட்டி எடை சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவது, உட்கார்ந்தால் காப்பிக்கு வேறு விலை. நின்று குடித்தால் ஒன்றரை யூரோ. சான் மார்கோ சதுக்கத்தில் இசைக்குழு வாசிக்கும்போது உட்கார்ந்தால் இசைக்கென்றே தனியாகச் சில யூரோ ஏறும்.

தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். ஊரெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட குழாயடிகள், எல்லாம் குடிநீர்.

எதற்கெல்லாம் அபராதம்?

சான் மார்கோ பகுதியில் படியில் உட்கார்ந்து சாப்பிடுவது, புறாவுக்குத் தீனி போடுவது, கால்வாயில் இறங்குவது. தெருவில் விரித்து விற்கும் போலிக் கைப்பை வாங்கினால் விற்றவருக்கு மட்டுமல்ல, வாங்கியவருக்கும் 300 யூரோவில் தொடங்கும் அபராதம்.

தமிழ்நாட்டோடு ஏதாவது தொடர்பு?

விமான நிலையத்தின் பெயரிலேயே இருக்கிறது. மார்கோ போலோ சீனாவிலிருந்து திரும்பும் வழியில் பாண்டிய நாட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: காயல் துறைமுகம், முத்துக் குளித்தல், அரபுக் குதிரை வணிகம். மக்கள் பாத்திரத்தில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிப்பதையும் வியந்து குறித்திருக்கிறார். 1295-இல் ஊர் திரும்பினார். அவர் குடும்பம் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் இடம் ரியால்டோவுக்குச் சற்று வடக்கே, சான் ஜொவானி கிரிஸொஸ்தொமோ தேவாலயத்தின் பின்னால் உள்ள கோர்தெ செகோந்தா தெல் மிலியோன் என்ற முற்றம். வீடு இல்லை, பழைய கல் வளைவுகள் உண்டு. காசில்லாமல் பார்க்கலாம்.

கிளம்பும் நாளில் கவனிக்க வேண்டியது?

வேலைநிறுத்தம். இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தங்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அறிவிப்பில் "ஷோபெரோ" என்ற சொல்லைத் தேடுங்கள். அன்றைக்குப் படகு குறையும், சில வழிகளில் ஓடாது. சான் மார்கோவிலிருந்து பியாட்சாலே ரோமாவுக்குப் பெட்டியோடு நடக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதிகாலை விமானமென்றால் வாப்பொரெட்டோவின் இரவு வழி "என்" எழுத்தில் ஓடும். அதன் நேரத்தை முந்தைய மாலையே துறையிலுள்ள பலகையில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.